நடுவில் நிற்பவர் பார்க்கும் உலகம்

தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் சாலை முடிந்து வட்டமடித்துத் திரும்புகிறது. அங்கே நின்று சுற்றிலும் எடுத்த பனோரமா படம் ஒன்றைக் கணினியில் திறந்தால் நீளப் பட்டையாக விரியும்: மணல், நீலம், அசோகச் சின்னம் தாங்கிய தூண், மேற்கே ராமேஸ்வரம் நோக்கிப் போகும் தார்ச்சாலை, மறுபடியும் நீலம். இந்தப் பட்டையை ஃபோட்டோஷாப்பில் சதுரமாக அமுக்கி, தலைகீழாகத் திருப்பி, ‘போலார் கோஆர்டினேட்ஸ்’ என்ற ஃபில்டரைக் கொடுத்தால் அதன் இரண்டு முனைகளும் வளைந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மணல் நடுவில் உருண்டையாகத் திரள்கிறது. அதைச் சுற்றிக் கடல். தூண் ஆணி போல வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சாலை ஒரு நாடாவாக ஓடி விளிம்பில் மறைகிறது. வானம் விண்வெளியாகிவிடுகிறது. ‘டைனி பிளானெட்’ என்று உலகம் முழுக்க வழங்கும் இந்த வித்தையைக் குட்டிக் கோள் என்று சொல்லிக்கொள்வோம். இன்று 360 பாகைக் கேமராக்களின் செயலிகளில் ஒரு தட்டலில் இது கிடைத்துவிடுகிறது. அதனாலேயே பார்த்துப் பார்த்துச் சலித்தும்விட்டது. ஆனால் சலிக்காத ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது. மனிதர் ஒவ்வொருவரும் தம்மை நடுவில் வைத்துத்தான் உலகத்தைப் பார்க்கிறோம். சமயங்கள் பலவும் இதை அகந்தையின் வேர் என்று கண்டித்திருக்கின்றன. நடுவில் நிற்பது உண்மையிலேயே குற்றமா? குற்றமில்லை என்பது என் கட்சி. ஒரே நடுவிலிருந்து பார்த்த உலகத்துக்கு ஆழம் கிடையாது. அதை மறப்பதுதான் குற்றம்.

முதலில் இந்தப் படம் எதைக் காட்டுகிறது என்பதில் தெளிவு வேண்டும். உயரத்திலிருந்து குனிந்து பார்த்தது போன்ற தோற்றம் அதற்கு இருக்கிறது. ஆனால் கேமரா தரையை விட்டு எங்கும் போகவில்லை. ஆளுயரத்தில் ட்ரைபாடின் மேல் இருந்தபடி, தன்னைச் சுற்றி எந்தெந்தத் திசையிலிருந்து என்னென்ன ஒளி வந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டது. அந்தத் திசைகள் எல்லாம் சேர்ந்து கேமராவைச் சூழ்ந்த கற்பனைக் கோளம் ஒன்றாகின்றன. கோளத்தின் உச்சியில் ஒரு விளக்கை வைத்து, அடியில் ஒரு தாளை விரித்தால் தாளில் என்ன நிழல் விழுமோ, அதுதான் முறையான குட்டிக் கோள். ஃபோட்டோஷாப் ஃபில்டர் இதைத் தோராயமாகத்தான் செய்கிறது. ஹுகின் போன்ற இலவச மென்பொருள்கள் கணக்குப் பிசகாமல் செய்கின்றன. இந்தக் கணக்குக்கு ஸ்டீரியோகிராஃபிக் என்ற பெயர் 1613இல் வந்தது. கணக்கோ தாலமியின் காலத்திலேயே, கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே இருந்தது. விண்மீன்களைப் பார்த்து நேரம் கணிக்கும் ஆஸ்ட்ரோலேப் தகடுகள் இதை நம்பியே செதுக்கப்பட்டன. கோணங்களை இது சிதைப்பதில்லை என்ற நிரூபணத்தை 1695இல் அச்சில் தந்தவர் எட்மண்ட் ஹாலி, வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி. கோணம் தப்பாது, பரப்பு தப்பிவிடும். காலடியில் உள்ளதைப்போல் அடிவானத்தில் உள்ளது 4 மடங்கு பெரிதாகும். அடிவானத்துக்கு 30 பாகை மேலே இருப்பது 16 மடங்கு. தென்னங்கீற்றும் கோபுரக் கலசமும் இந்தப் படங்களில் பூதாகரமாக வீங்கி நிற்பது இதனால்தான்.

ஆக, உலகத்தை வெளியிலிருந்து பார்த்ததுபோல் தோன்றும் இந்த உருண்டை முழுக்க முழுக்க உள்ளேயிருந்து செய்யப்பட்டது. நின்ற இடத்தில் ஒருமுறை சுற்றிவிட்டு உலகத்தையே சுற்றி வந்தேன் என்பது நமக்குப் புதிதல்ல. மாம்பழக் கதையில் பிள்ளையார் செய்தது கிட்டத்தட்ட அதுதான். முருகன் மயிலேறி மெய்யாகவே உலகத்தைச் சுற்றி வந்தபோது பழம் கைமாறியிருந்தது. தீர்ப்பு அண்ணனுக்குச் சாதகம் என்றாலும் தமிழர்கள் மலையேறிக் கும்பிடப் போனது தோற்றுக் கோபித்த தம்பியைத்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். இடம்விட்டு இடம் நகர்ந்தவருக்குக் கிடைப்பதும் நகராதவருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல.

அந்த வேறுபாடு என்ன என்பதைப் பனோரமா எடுப்பவர்களின் தொழிலே காட்டிக்கொடுக்கிறது. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பார்த்தால் விரல் பின்னணியில் இடம் மாறித் தாவும். பள்ளிப் பாடத்தில் இடமாறு தோற்றம் என்று படித்தது இதைத்தான். பல படங்களைத் தைத்து ஒரு பனோரமா ஆக்கும்போது இந்தத் தாவல் பெரிய தொந்தரவு. பக்கத்துத் தூண் ஒரு படத்தில் தூரத்து ஜன்னலுக்கு இடப்புறமும் அடுத்த படத்தில் வலப்புறமும் நின்றால் தையல் விட்டுப்போகும். அதனால் கேமராவை உடலின் அச்சில் சுற்றாமல், லென்ஸுக்குள் ஒளி குறுக்கிடும் புள்ளியைச் சரியாக அச்சில் வைத்துச் சுற்றுவதற்கென்றே நகரும் தண்டுகள் கொண்ட தலைப்பகுதியை ட்ரைபாடில் பொருத்துகிறார்கள். மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அதை நகர்த்தி, இடமாறு தோற்றம் துளியும் இல்லாமல் ஒழித்த பிறகுதான் படம் எடுக்கத் தொடங்குவார்கள். இதன் விலை என்னவென்றால், தைத்து முடித்த படத்தில் தொலைவு பற்றிய செய்தி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. பத்தடி தள்ளி நிற்கும் முட்புதரும் கடலுக்கு நடுவே நிற்கும் கப்பலும் ஒரே கோளத்தின் ஒரே தோலில் ஒட்டிக்கிடக்கின்றன. எது அருகில், எது தொலைவில் என்பதை நம் பழக்கம் ஊகிக்கிறது, படம் அறியாது. பார்வையின் ஒருமை முழுமை பெறும் அதே கணத்தில் ஆழம் பூஜ்ஜியமாகிறது. ஆழம் வேண்டுமென்றால் இன்னொரு இடத்தில் இன்னொரு கண் வேண்டும்.

ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு முன்பு இதைச் சமயக் கேள்வியாகவே எழுப்பியவர் ஒருவர் உண்டு. மோசல் ஆற்றங்கரையில் 1401இல் பிறந்து, கத்தோலிக்கத் திருச்சபையில் கர்தினால் வரை உயர்ந்த நிக்கோலஸ் குசானஸ். 1440இல் எழுதிய நூலிலேயே அவர், பூமியில் நின்றாலும் சூரியனில் நின்றாலும் வேறொரு விண்மீனில் நின்றாலும் நிற்பவருக்குத் தாம்தான் அசையாத நடு, மற்றவையெல்லாம் சுற்றுகின்றன என்றே தோன்றும் என வாதிட்டார். கோப்பர்நிக்கஸ் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னால். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1453இல் அவர் பவேரியாவின் டேகர்ன்சே மடத்துத் துறவிகளுக்கு அனுப்பிய ஒரு சிறு ஓவியம். எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்ப்பதுபோல் வரைந்த முகம் அது. கூடவே ஒரு நூலும் செய்முறைக் குறிப்பும். படத்தை வடக்குச் சுவரில் மாட்டுங்கள். அரைவட்டமாகச் சுற்றி நில்லுங்கள். ஒவ்வொருவருக்கும் அந்த முகம் தன்னை மட்டுமே பார்ப்பதாகத் தெரியும். பிறகு ஒருவர் கிழக்கிலிருந்து மேற்காக நடக்கட்டும். பார்வை கூடவே வரும். எதிர்த்திசையில் இன்னொருவர் நடக்கட்டும். அவருடனும் அது வரும். இருவரும் எதிர்ப்படும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். கேட்காவிட்டால், அந்தப் பார்வை ஒரே நேரத்தில் எதிர்த்திசையிலும் போகிறது என்பதை யாராலும் தாமாகக் கண்டுபிடிக்க முடியாது.

சோதனையின் உயிர் கடைசிப் படியில் இருக்கிறது. கடவுள் என்னைப் பார்க்கிறார் என்பது என் அனுபவம். என் நடுவிலிருந்து அதில் ஐயமே இல்லை. கடவுள் அவரையும் பார்க்கிறார் என்பது என் அனுபவமாகவே ஆக முடியாது. அது அவர் வாய்ச்சொல். அந்தச் சொல்லை நம்பினால்தான் எனக்கு முன்னால் தொங்குவது எனக்கு மட்டுமான காவல் தெய்வம் அல்ல, எல்லோருக்கும் உரியது என்பது புலப்படும். குசானஸ் யாரையும் நடுவிலிருந்து இறங்கச் சொல்லவில்லை. யாருக்கும் தத்தம் நடு பொய்யென்றும் ஆகவில்லை. எதிரே வரும் சகோதரரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார், அவ்வளவுதான். அந்த 1453 மே மாதத்தில்தான் கான்ஸ்டான்டினோபிள் ஒட்டோமான்களிடம் வீழ்ந்தது. ஐரோப்பா பழிக்குப் பழி என்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு அவர் எழுதிய மற்றொரு நூலில் அரேபியர், யூதர், பாரசீகர், இந்தியர் எனப் பல தேசத்தவர் கூடிச் சமயங்களின் இணக்கம் பற்றிப் பேசுகிறார்கள். கடைசியில் எல்லோரையும் அவர் தம் கிறிஸ்தவத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்ற விமர்சனம் நியாயமானது. சொன்ன சோதனையை அவரே முழுதாகச் செய்து பார்க்கவில்லை போலும். சோதனை மட்டும் பழுதில்லாமல் நிற்கிறது.

யானையைத் தடவிய குருடர் கதையை ஒருவர் இங்கே நினைவூட்டக்கூடும். எனக்கு அந்தக் கதையில் ஒரு மனக்குறை உண்டு. அதைச் சொல்பவர் யானையை முழுதாகப் பார்த்தவராக ஓரமாய் நின்று சிரிக்கிறார். பன்மைப் பார்வையைப் போதிக்கும் கதை, சொல்பவருக்கு மட்டும் பார்வைக் கோணம் எதுவும் இல்லை என்ற சலுகையை அள்ளிக் கொடுத்துவிடுகிறது. டேகர்ன்சே மடத்துச் சோதனையில் அப்படி ஓரமாய் நிற்க இடமில்லை.

எதிர்வாதங்களுக்கு வருவோம். வலுவானது இது: பழைய சமய வரைபடங்கள் வரைந்தவரை நடுவில் வைக்கவில்லை. 1300ஐ ஒட்டி இங்கிலாந்தில் வரையப்பட்ட ஹெரஃபோர்டு உலகப்படத்தின் மையம் ஜெருசலேம். பிரிட்டன் கீழே ஒரு மூலையில் விளிம்போடு நசுங்கிக் கிடக்கிறது. சமணர்கள் துணியில் தீட்டிய சம்பூத்தீபப் படங்கள் பார்வைக்குக் குட்டிக் கோளைப் போலவே இருக்கும்: நடுவில் மேருமலை, சுற்றிலும் வட்டக் கடல். ஆனால் மனிதர் வாழும் பரத கண்டம் தெற்கு ஓரத்தில் ஒரு கீற்று. 17ஆம் நூற்றாண்டுப் பாரசீகத்துப் பித்தளை வட்டத் தகடுகளில் மையம் மக்கா. நம் ஊர் எந்தப் புள்ளியோ அங்கிருந்து அதன் திசையையும் தொலைவையும் படித்துக்கொள்ளலாம். இந்த மூன்றிலும் புனிதம் நடுவில், மனிதர் ஓரத்தில். குட்டிக் கோளிலோ நடுவில் இருப்பது படம் எடுத்தவரின் கால். இது நவீன அகந்தையின் சின்னம் அல்லாமல் வேறென்ன?

ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் ஒன்றைக் கவனிக்கவில்லை. புனித மையம் என்பதும் யாரோ ஒரு கூட்டத்தார் நின்ற நடுதான். ஜெருசலேமை நடுவில் வைத்த படம் பணிவாகத் தோன்றலாம். அதே நகரத்தைப் பிடிப்பதற்குச் சிலுவைப் போர்கள் நடந்தபோது அந்தப் பணிவு என்ன ஆயிற்று? ‘நான் நடு’ என்பவருடன் வாதாடலாம். ‘கடவுளே நடு, நான் அவருடைய ஆள்’ என்பவரிடம் வாதாடுவது கடினம். மக்காத் தகட்டை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்குவேன். எந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்று தெரியாமல் அதைப் பயன்படுத்தவே முடியாது. தொழுகிறவர் நிற்கும் இடத்தை அது கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். குட்டிக் கோளிடம் உண்மையான குறை வேறு ஒன்று. நடுவில் தெரியும் ட்ரைபாட் கால்களை யாரும் விட்டுவைப்பதில்லை. அக்கம்பக்கத்து மணலை குளோன் கருவியால் எடுத்து அவற்றின் மேல் பூசிவிடுகிறார்கள். பிறகு அந்த உருண்டை யாராலும் எடுக்கப்படாத, எங்கிருந்தும் பார்க்கப்படாத, தானே இருக்கும் உலகமாகிவிடுகிறது. கால்கள் தெரியும்படி விட்ட படத்தைவிட இந்தத் துப்புரவான படத்திடம்தான் எனக்கு அச்சம். மதத்தின் பெயரால் பேசுவோர் பலரும் செய்வது இந்தத் துப்புரவு வேலைதான்.

‘மெய்யாகவே வெளியிலிருந்து எடுத்த படம் இருக்கிறதே’ என்பது அடுத்த ஆட்சேபம். அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து 1972 டிசம்பர் 7ஆம் தேதி எடுத்த ‘நீலப் பளிங்கு’ படம் அனைவரும் அறிந்தது. சுமார் 29,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து முழுவட்டமாகப் பூமி. அதிலும் ஒரு நின்ற இடம் உண்டு என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்: தெரிவது ஒரு பக்கம்தான். மூலப்படத்தில் அண்டார்க்டிகா மேலே இருந்தது. நமக்குப் பழக்கமான வடக்கு மேலே வரட்டும் என்று பிறகு திருப்பினார்கள். அதைவிட, அந்தப் படத்தின் இந்தியப் பெருங்கடல் பகுதியில் அழகான ஒரு வெண்சுழி இருக்கிறது. இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 5 அன்று, தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கிய புயல் அது. விண்வெளியிலிருந்து சுழி, கரையில் உயிர்ச்சேதம். அங்கிருந்து பார்த்தவர் தவறாகப் பார்க்கவில்லை, கரையில் நின்றவரும் தவறாகப் பார்க்கவில்லை. இரண்டு இடங்களையும் சேர்த்தால்தான் அந்த வெண்மைக்கு ஒரு கனம் வருகிறது. தொலைவு கூடக்கூட உண்மை கூடும் என்ற நம்பிக்கை, கடவுளை மிக உயரமான கேமராவாகக் கற்பனை செய்வதில் போய் முடிகிறது.

இதே காரணத்தால், குட்டிக் கோள் துயரத்தை விளையாட்டுப் பொம்மை ஆக்கிவிடுகிறது என்ற குற்றச்சாட்டையும் நான் தள்ளிவிடமாட்டேன். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வந்த பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. அந்த ஊரின் இடிந்த தேவாலயச் சுவர்கள் உருண்டையின் மேல் சர்க்கரைக் கட்டிகள்போல் நிற்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது? படத்திலிருந்து இல்லை. அங்கே இருந்து பிழைத்தவர்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து வருகிறது. இரண்டாவது கண் வேலை செய்கிறது.

எல்லாமே அவரவர் நின்ற இடம் என்றால் உண்மை என்று ஒன்று இல்லாமலே போய்விடாதா என்பார்கள். போகாது. கோணங்களைச் சிதைக்காத கணக்கு என்றேன் அல்லவா? ஒரு நடுவை வைத்து வரைந்த படத்தை, பிக்சல் வழுவாமல் வேறொரு நடுவுக்கு மாற்றி வரையலாம், விதிகள் உண்டு. பொய்யாக வரைந்த படம் அந்த மாற்றத்தில் அகப்பட்டுக்கொள்ளும். மனிதர் விஷயத்தில் வேலை இன்னும் கடினம், ஏனென்றால் திசையை மாற்றினால் போதாது, இடத்தையே மாற்ற வேண்டும். அரிச்சல்முனைக்கு எதிர்க்கரையில் தலைமன்னார். அங்கே நின்று எடுக்கும் குட்டிக் கோளில் அதே நீர்ப்பரப்பு மறுபக்கத்தில் கிடக்கும். ராமேஸ்வரத்து மீனவருக்கு அது தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த கடல். 1974இலும் 1976இலும் டெல்லியும் கொழும்பும் கோடு போட்ட பிறகு கைதும் படகுப் பறிமுதலுமாக மாறிய கடல். வடமாகாணத் தமிழ் மீனவருக்கு அது போர்க்காலம் முழுக்கத் தமக்கு மறுக்கப்பட்ட கடல். இப்போது போனால் இழுவைமடிப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகும் கடல். இரண்டும் முழுமையான உலகங்கள். தனித்தனியே இரண்டும் தட்டையானவை. கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையினரும் வந்து ஒரே கோயிலில் நிற்கிறார்கள். அதனால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதிரே வருபவரிடம் கேட்க முடிகிற ஓர் இடமாவது அது.

அத்வைதி வேறு திசையிலிருந்து மறுப்பார்: இரண்டு படம் என்ன, இருநூறு படம் சேர்த்தாலும் எல்லாம் மாயையின் தோற்றங்களே; தோற்றத்தோடு தோற்றத்தைக் கூட்டினால் உண்மை வராது. இறுதி உண்மை பற்றிய அந்தக் கூற்றுடன் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவர்களுக்குப் பிடித்தமான கயிறு - பாம்பு எடுத்துக்காட்டையே பாருங்கள். மங்கலில் பாம்பாகத் தெரிந்தது கயிறு என்று எப்படித் தெரியவருகிறது? விளக்கோடு கிட்டே போய்ப் பார்க்கும்போது. நின்ற இடத்திலேயே நின்று கண்ணை இன்னும் அழுத்தித் திறந்ததால் இல்லை. சைவ சித்தாந்தத்தில் இது இன்னும் வெளிப்படை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞான போதத்தின்படி உயிர் தானாகக் காண்பதில்லை, காட்டப்பட்டால்தான் காணும். உலகம் பொய் என்று ஒதுக்காமலே, தனித்த பார்வையின் போதாமையை அங்கே ஒப்புக்கொள்ள முடிகிறது. காட்டுபவர் இறைவன் மட்டும்தானா, எதிரே நடந்து வரும் சக மனிதரும் அந்த வேலையைச் செய்யலாமா என்பது சித்தாந்திகளிடம் கேட்க வேண்டியது. செய்யலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பக்தர் ஒருவர் கடைசியாக ஒரு துருப்பை இறக்கக்கூடும். இந்தக் கணக்கில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் தாளில் வரைய முடியாது: நேர் உச்சி. விளக்கு இருக்கும் இடம் அது. அதன் நிழல் முடிவிலியில் விழும். எவ்வளவு பெரிய தாள் எடுத்தாலும் அது வெளியே நிற்கும். அளவுக்குள் அடங்காத அந்தப் புள்ளிதான் கடவுள் என்று சொல்லிவிடலாமே? கவர்ச்சியான யோசனை, நான் ஏற்கவில்லை. நமக்குத் தெரியாத இடத்தில் கடவுளைக் குடிவைத்தால், தெரியவரும் நாளில் அவர் வீடு மாற வேண்டியிருக்கும். இங்கே அதற்கு நாள்கூட ஆகாது. ஃபோட்டோஷாப்பில் பட்டையைத் தலைகீழாகத் திருப்பும் அந்த ஒரு படியை விட்டுவிட்டு ஃபில்டரைக் கொடுத்தால் போதும், படம் கிணறுபோல் உள்வாங்கும்: வானம் நடுவில், மணலும் கடலும் சுற்றுச்சுவராக. உச்சி, மற்ற எந்தப் புள்ளியையும்போல, நட்டநடுவில் வந்து உட்கார்ந்துவிடும். கணக்கை முறையாகப் போட்டால், இப்போது எந்தத் தாளிலும் அடங்காமல் முடிவிலிக்குப் போவது படம் எடுத்தவரின் காலடி மண்.